கன்னத்தில் வைத்த விரல்

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். சரி, கை வைக்கக் கூடாது. விரல் வைக்கலாமா, கூடாதா என்று யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அந்தச் சந்தில்தான் நம்முடைய டெஸ்பாட்ச்காரர் புகுந்து பெரிய மனிதர் ஆனார்.

பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வைத்து, லாரியில் ஏற்றிவிட்டு, டிரைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தப் பிரிவுக்கு டெஸ்பாட்ச் என்று பெயர். அவருக்கும் அதே பெயர்தான். "டெஸ்பாட்சைக் கூப்பிடு" என்பார்கள், "டெஸ்பாட்ச் சாப்பிடப் போயிருக்கு" என்பார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மீட்டிங் என்றால் கதவோரத்தில் அவருக்கு ஒரு இடம் உண்டு. கால் கோணலாகிப் போய், கடைக்காரர் திருப்பி அனுப்பிய நாற்காலி ஒன்று அங்கே கிடக்கும், அதில்தான் உட்காருவார். அவர் வாயைத் திறந்தால் டீ வந்துவிட்டது என்று சொல்லப்போகிறார் என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள். இருபது வருஷமாக இதே கதை. அதற்காக மனிதர் அழுது புரளவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு அரிப்பு இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

இந்த நிலைமையில்தான் கழுத்து திரும்ப ஆரம்பித்தது.

முதலில் லேசாகத்தான். நேரே பார்த்து நடந்துகொண்டிருப்பார், தலை தன்பாட்டுக்கு இடது பக்கம் போகும். இழுத்துக்கொண்டு வந்து நேரே வைப்பார். அடுத்த நிமிஷம் மறுபடி போகும். பஸ்ஸில் இடது பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையை மடியில் இறுக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போனார். எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரர், பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறானே, என்ன திமிர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வீட்டுச் சங்கதிதான் முக்கியம். சாப்பாட்டு மேஜை ஒரு சின்ன அறையில் கிடந்தது. அதை இப்படி அப்படி நகர்த்தினால் சமையலறைக் கதவு திறக்காது. மேஜையில் அவருக்கு வலது பக்கம் மனைவி உட்காருவாள். இடது பக்கம் சுவர், சுவரில் டிவி. கழுத்து திரும்பியதோ இடது பக்கம். கழுத்துக்கு விவரம் பத்தாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மனைவி முதலில் நம்பவில்லை. டிவி பார்க்க இப்படி ஒரு நோயா என்றுதான் கேட்டாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். வருகிறவர் முகத்தில் ஃபிரேமை மாட்டி, மூக்கில் உட்காருகிறதா, காதில் இழுக்கிறதா என்று பார்த்து, கன்னத்தில் ஒரு விரலை வைத்து முகத்தை நேராக்கி, கண்ணாடியில் காட்ட வேண்டும். நாள் முழுக்க ஊரார் முகத்தை நேராக்கி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், வீட்டுக்காரர் முகம் மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஒரு காதும் பாதிப் பின்மண்டையும்தான் கிடைத்தது. பின்மண்டையிடம் எவ்வளவு நேரம் பேசுவது? கடையில் நடந்ததை எல்லாம் சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறவள், சொல்வதைக் குறைத்துக்கொண்டாள். அது அவளுக்கு வலித்தது.

இடையில் அவளுடைய அண்ணன் வந்தார். உலகத்தில் தெரியாத வித்தையே இல்லாத மச்சான். சுளுக்குதான் இது, எனக்கு விட்டுவிடுங்கள் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அடியாத மாடு படியாது என்று சொல்லி, தலையை இரண்டு கையாலும் பிடித்து வலது பக்கம் ஒரு இழுப்பு இழுத்தார். அவர் இழுக்க இழுக்கக் கழுத்து எதிர்ப்பக்கம் முறுக்கியது. கடைசியில் மச்சானுக்குத்தான் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்து அனுப்பி வைத்தார்கள்.

மச்சான் முக்கி முனகியும் நடக்காத காரியம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா நடந்தது. அவருக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டதென்று மனைவி ஒரு படிக்கிற கண்ணாடி கொண்டுவந்திருந்தாள். மாட்டிவிட்டு, கடைப் பழக்கத்தில், அவர் கன்னத்தில் ஆட்காட்டி விரலை லேசாக வைத்தாள். தலை நேரே வந்து நின்றது. விரலை எடுத்தாள், போய்விட்டது. வைத்தாள், வந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முகம் எதிரே இருந்தது, அதுவும் மூக்கில் கண்ணாடியோடு, திருதிருவென்று விழித்துக்கொண்டு. பிறகு அவர் தன் விரலையே வைத்துப் பார்த்தார். அதற்கும் கழுத்து கட்டுப்பட்டது.

இருவருமாக நரம்பு டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் சிரிக்கவில்லை, நன்றாக விசாரித்தார். கழுத்தின்மேல் ஒரு குற்றமும் இல்லை என்றார். தலையை இப்படி வை, அப்படி நிறுத்து என்ற உத்தரவு மூளையிலிருந்து போகிறது, அந்த உத்தரவுதான் கோணலாகப் போகிறது. தோல் அனுப்புகிற சேதியையும் கேட்டுத்தான் மூளை உடம்பை அசைக்கிறது, கன்னத்தில் விரல் பட்டதும் புதிதாக ஒரு சேதி போகிறது, அதைக் கேட்டு மூளை தன்னைத் திருத்திக்கொள்கிறது, அவ்வளவுதான் என்று விளக்கினார். விரலுக்குப் பலமே வேண்டியதில்லையாம். உள்ளங்கையால் அழுத்தித் தள்ளிப் பார்த்தார், கழுத்து மல்லுக்கு நின்றது. விரல் நுனியால் தொட்டார், பெட்டிப்பாம்பாக அடங்கியது. சிலருக்கு இந்த வித்தை நாளடைவில் பலிக்காமல் போகும் என்றும், கழுத்தில் ஊசி போட்டால் சில மாதம் நேராக நிற்கும் என்றும், திரும்பினால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மாதக் கடைசியில் லாரி நெருக்கடி தீர்ந்ததும் போட்டுக்கொள்கிறேன் என்று அவர் சம்மதித்தார். அதுவரைக்கும் விரல் இருக்கிறதே.

அந்த விரலோடுதான் அடுத்த மீட்டிங்கில் கதவோரம் போய் உட்கார்ந்தார்.

மேனேஜர் அன்றைக்குப் புது மாடல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். காலை மெலிதாக்கிய நாற்காலி. பிளாஸ்டிக் மிச்சம், பார்வைக்கும் நாகரிகம். எல்லோரும் தலையாட்டினார்கள். முதலாளியும் ஆட்டப்போனவர், கதவோரம் ஒரு ஆள் கன்னத்தில் ஒற்றை விரலை ஊன்றி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். இருபது வருஷத்தில் அந்த மூலைக்கு அவர் பார்வை போனது அதுதான் முதல் தடவை. கன்னத்தில் முழுக் கையையும் வைத்தால் கப்பல் கவிழ்ந்தவன், ஒரே ஒரு விரலை வைத்தால் அறிஞன். இது எங்கே எழுதி வைத்திருக்கிறதோ தெரியாது, ஆனால் மீட்டிங் ரூமில் உட்காருகிறவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

டெஸ்பாட்ச் என்னவோ யோசிக்கிறாரே என்றார் முதலாளி. டெஸ்பாட்ச் உண்மையில், டிரைவர் இன்னும் வரவில்லையே, எங்கே போய்த் தொலைந்தான் என்று யோசித்துக்கொண்டிருந்தார். முதலாளி நாற்காலியை அவர் பக்கம் திருப்பி, காலைக் காட்டி, மறுபடி முதலிலிருந்து விளக்கினார். அந்த நேரம் பார்த்து அவர் உட்கார்ந்திருந்த கோணல் நாற்காலி ஆட்டம் கொடுத்தது. விழாமலிருக்க விரலை எடுத்து நாற்காலியைப் பிடித்தார். விரல் போனதும் முகம் முதலாளியை விட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டது. முதலாளிக்கு முன்னால் இப்படி முகத்தைத் திருப்பிக்கொள்ள அந்தக் கம்பெனியில் அதுவரை ஒருவருக்கும் நெஞ்சுத் துணிவு இருந்ததில்லை. இவ்வளவு தூரம் பிடிக்காமல் போகிறதென்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று முதலாளி மாடலை ஓரம்கட்டி வைத்தார்.

அந்த மெலிந்த கால் யோசனையை வேறொரு கம்பெனிக்காரன் எடுத்துச் செய்தான். ஏதோ ஒரு விழாவில் முன்வரிசைப் பெரிய மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தரைக்கு வந்தார்கள் என்ற செய்தியும் வந்தது. அவ்வளவுதான். டெஸ்பாட்ச் ஒரே நாளில் 'யோசனை சார்' ஆகிவிட்டார். கதவோரத்திலிருந்து மேஜைக்கு ஏறினார். சுற்றுகிற நாற்காலி வந்தது, மெத்தை வைத்தது.

பிறகு எதற்கெடுத்தாலும் அவர்தான். பெயிண்ட் நிறத்திலிருந்து மேனேஜர் மகன் எந்தப் படிப்பில் சேருவது வரைக்கும் அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் பேச வேண்டியதே இல்லை. விரல் கன்னத்தில் இருந்தால் பரிசீலிக்கிறார். முகம் திரும்பினால் கூடாது என்கிறார். கை வலித்தால் இறக்குவார், பாவம் ஒரு பையனின் படிப்பு மாறிப்போகும். நோய் என்று சொல்லிவிட அவருக்கு ஆரம்பத்தில் ஒன்றிரண்டு தடவை வாய் வந்தது. அப்புறம் வரவில்லை. போகப் போக, கழுத்துக்கே உள்ளபடி ஏதோ தெரிகிறதோ என்று அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார்.

தொற்றாத நோய் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கம்பெனியில் தொற்றியது. முதலில் மேனேஜர் கன்னத்தில் விரல் ஏறியது. அடுத்து கணக்குப் பிரிவு. விற்பனைக்காரர் ஒருவர் இரண்டு விரல் வைத்துப் பார்த்தார், எடுபடவில்லை, ஒன்றாகக் குறைத்துக்கொண்டார். கழுத்தில் ஒரு கோளாறும் இல்லாத இத்தனை பேர் கழுத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சி இருக்கிறதே, சும்மா சொல்லக் கூடாது, பார்க்க நிறைவாக இருந்தது.

ஊசி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மாதக் கடைசி வந்தது, போனது. அடுத்த மாதக் கடைசியும் போனது. மனைவி டாக்டரம்மாவிடம் நாள் குறித்து வைப்பாள், இவர் அன்றைக்கு முக்கியமான மீட்டிங் என்பார். மூன்று வருஷம் இப்படி ஓடியது. வீட்டுக்கு வந்தால் விரலையாவது வைக்கலாமே? அதுவும் இல்லை. நாள் முழுக்கத் தூக்கிப் பிடித்த கை, வீட்டிலாவது இறக்கி வைக்க விடு என்பார். அவள் எட்டி விரலை வைக்கப் போனால், சாப்பிடும்போது தொந்தரவு பண்ணாதே என்று விலகுவார். ஆக, நேரான முகம் கம்பெனிக்கு, பின்மண்டை பெண்டாட்டிக்கு. கோபம் வருகிறதா? எனக்கும் வந்தது.

கடைசியில் அவரைக் கம்பெனிக்கே ஆலோசகராக உயர்த்துவதாக முதலாளி முடிவு செய்தார். ஒரு விழா வைத்து, குடும்பத்தோடு எல்லோரையும் கூப்பிட்டு, மேடையில் அறிவிக்கப்போவதாகச் சேதி. அன்று சாயங்காலம் மேஜையில் மனைவி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"விழா முடிஞ்சதும் ஊசி போட்டுக்குவீங்களா?"

"போட்டுக்கிட்டா கழுத்து நேரா நின்னுடும். அப்புறம் விரலை எதுக்கு வைக்கிறது? விரல் இல்லைன்னா நான் யாரு, மறுபடி டெஸ்பாட்ச்தானே" என்றார் அவர், டிவியைப் பார்த்தபடி.

"எனக்கு டெஸ்பாட்ச்தாங்க வேணும். அந்த ஆளு சாப்பிடும்போது என் முகத்தைப் பார்ப்பாரு."

அவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் மறுபடி ஒரு நாள் குறித்துவிட்டு வந்தாள், விழாவுக்கு மறுநாளாகப் பார்த்து. வராவிட்டால் இனி இந்த மேஜையில் உட்கார மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னால் சொன்னதுதான் என்று அவருக்குத் தெரியும்.

விழா அன்று கம்பெனிக் கூடத்தில் கம்பெனி நாற்காலிகளே வரிசையாகப் போட்டிருந்தார்கள். மனைவி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் இவர் விரலும் கன்னமுமாக நின்றார். முதலாளி நீளமாகப் புகழ்ந்துவிட்டு, பரிசை எடுத்து நீட்டினார். கண்ணாடியில் செய்த நாற்காலி. பார்க்கத்தான் சின்னது, கனம் என்றால் கனம், ஒரு கையால் ஆகிற காரியமில்லை. வலது கையை மட்டும் நீட்டினார் இவர். முதலாளி, ரெண்டு கையாலயும் வாங்குங்க என்று சிரித்தார். போட்டோக்காரர் தயாராக நின்றார். வேறு வழியில்லை, விரல் கன்னத்தை விட்டு இறங்கியது.

முகம் திரும்பியது. முதலாளி நின்றது வலது பக்கம், முகம் போனது இடது பக்கம். போட்டோக்காரர் இங்கே பாருங்கள் என்றார். இவர் முக்கினார், வியர்த்தார், இழுக்க இழுக்க அது இன்னும் அந்தப் பக்கம் போனது. யோசனை சார் முகத்தைத் திருப்பினால் என்ன அர்த்தம் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதலாளி கையாலேயே பரிசை வாங்கிக்கொண்டு முதலாளியையே கூடாது என்கிறாரா? தட்டத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன. மேனேஜர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டார். முதலாளி முகம் கறுத்துவிட்டது. ஆலோசகர் வேலை கிடக்கட்டும், இருக்கிற வேலைக்கே உலை வைக்கிற கறுப்பு.

மனைவிக்கு முதலில் தோன்றியது, நல்லா வேணும் என்றுதான். ஒளிப்பானேன். மூன்று வருஷம் நான் பார்த்த பின்மண்டையை இன்றைக்கு முதலாளி பார்க்கட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தாள். அப்புறம்தான் அவர் கண்களைக் கவனித்தாள். முகம் இடது பக்கம் இருந்தது, கண் இரண்டும் ஓரத்துக்கு ஓடி, வரிசை வரிசையாகத் தேடி, அவள்மேல் வந்து நின்றன. அவ்வளவு பேர் இருந்த கூடத்தில் அந்த மனிதர் தேடியது அவளைத்தான். எழுந்து மேடைக்குப் போனாள்.

போய், கடையில் ஃபிரேம் மாட்டிப் பார்க்கிற மாதிரி அவர் முன்னால் நின்று, கன்னத்தில் ஒரு விரலை வைத்தாள். முகம் நேரே வந்தது. போட்டோக்காரர் பழக்க தோஷத்தில் படம் எடுத்துவிட்டார்.

என்னம்மா இது என்று கேட்டார் முதலாளி. மைக் பக்கத்திலேயே இருந்தது.

"யோசனை எல்லாம் ஒண்ணும் இல்லைங்க. இவருக்குக் கழுத்துல நோய். விரலை வச்சாத்தான் நேரா நிக்கும், எடுத்தா திரும்பிக்கும். நாளைக்கு ஊசி போடப் போறோம், ஒரு நாள் லீவு வேணும்."

மறுநாள் ஊசி போட்டாயிற்று. கொஞ்ச நாளில் கழுத்து நேரானது. ஆலோசகர் உத்தரவு வரவே இல்லை, அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. ஒரு கழுத்தைக் கேட்டு மூன்று வருஷம் கம்பெனி நடத்தினேன் என்று எந்த முதலாளி ஒப்புக்கொள்வார்? மெத்தை நாற்காலி மேனேஜருக்குப் போனது, இவர் கதவோரத்துக்கு வந்தார், கோணல் கால் இவருக்காகவே காத்திருந்தது. ஆனால் மற்றவர்கள் விரல் மட்டும் இறங்கவில்லை. முதலில் இறக்குகிறவன் இத்தனை நாள் சும்மா வைத்திருந்தான் என்று ஆகிவிடுமே. அடுத்த மீட்டிங்கில் முதலாளி சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாரும் யோசிக்கிறாங்க, டெஸ்பாட்ச் மட்டும் சும்மா உக்காந்திருக்காரு என்று குறைபட்டுக்கொண்டார். முதலாளி விரலும் அப்போது கன்னத்தில்தான் இருந்தது.

அதைக் கேட்டு அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு மேஜையில் உட்கார்ந்தார். கழுத்து நேராக நின்றது. மனைவி இரண்டு நல்ல கண்ணாடித் தம்ளரை எடுத்து வைத்தாள், விருந்தாளிக்கு எடுக்கிறவை. பரிமாறிவிட்டு உட்கார்ந்து, மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்ததை ஆரம்பித்தாள். கடைக்கு ஒருவர் ஒரே மாதத்தில் மூன்று கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்த கதை. அவர் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். அவளுக்கு மனசு நிறைந்துபோனது. கதையில் இரண்டாவது கண்ணாடி உடைந்துகொண்டிருந்தபோது அவர் முகம் மெதுவாக இடது பக்கம் திரும்பியது.

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, ஊசி அதுக்குள்ள போயிடுச்சா?"

"சேச்சே, கழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர் டிவியைப் பார்த்தபடியே. "செய்தி போடுறான், ஒரு நிமிஷம்."

அவள் கொஞ்ச நேரம் அந்தக் காதையும் பின்மண்டையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி அவர் கன்னத்தில் ஒரு விரலை வைத்தாள். முகம் திரும்பி வந்தது. மூன்றாவது கண்ணாடி உடைந்து, அந்த ஆள் புதுசு வாங்கிக்கொண்டு கடையை விட்டுப் போகும்வரை அவள் விரலை எடுக்கவில்லை.